மூன்றரை லட்சம் ரூபாய்ச் சைக்கிளும் மூன்று வாட்டும்

திண்டிவனத்திலிருந்து விக்கிரவாண்டி வழியாக விழுப்புரம் ஏறக்குறைய 40 கி.மீ. விழுப்புரத்திலிருந்து வளவனூர், வில்லியனூர் வழியாகப் புதுச்சேரி இன்னொரு 40. புதுச்சேரியிலிருந்து கிளியனூர் வழியாகத் திண்டிவனம் திரும்ப மற்றொரு 40. விடிவதற்கு முன் கிளம்பிச் சைக்கிளில் சுற்றி வருபவருக்கு இந்த வட்டாரம் 120 கி.மீ. முக்கோணம் ஒன்றை இலவசமாகத் தந்திருக்கிறது. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியிலும் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை.

வாரம் ஒரு சுற்று, ஆண்டுக்கு 50 வாரம் என்றால் 6,000 கி.மீ. ஐந்து ஆண்டில் 30,000 கி.மீ. இந்த 30,000 கி.மீ.க்கு ஒரு சைக்கிள் வாங்கப்போகிறவரின் முன்னால் இரண்டு வண்டிகள் நிற்கின்றன. இரண்டும் கார்பன் ஃப்ரேம், இரண்டிலும் டிஸ்க் பிரேக், மின்சாரத்தில் மாறும் ஷிமானோ கியர். விலை இரண்டுக்கும் 3,50,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று எடையைக் குறைத்துச் செய்தது. ஓட்டுபவர்கள் அதைக் க்ளைம்பர் என்பார்கள். மற்றது காற்றைக் கிழித்துப் போகச் செய்த ஏரோ. ஒரே நிறுவனமே இரண்டையும் விற்பதுண்டு: ஜயன்ட் நிறுவனத்துக்கு டி.சி.ஆர்., ப்ரோபெல், ஸ்காட் நிறுவனத்துக்கு அடிக்ட், ஃபாயில்.

எதை வாங்குவது? கடைக்காரர் இரண்டையும் ஒரு விரலில் தூக்கிக் காட்டுவார். விரல் சொல்வது வேறு, கணக்கு சொல்வது வேறு.

கணக்குக்கு எடுத்த எண்கள்

ஓட்டுபவரின் எடை: 70 கிலோ
ஷூ, ஹெல்மெட், தண்ணீர், கருவிகள்: 3 கிலோ
க்ளைம்பர்: 7.5 கிலோ
ஏரோ: 8.3 கிலோ
காற்றின் அடர்த்தி: கன மீட்டருக்கு 1.15 கிலோ
இழுவைப் பரப்பு: க்ளைம்பரில் 0.32 சதுர மீட்டர், ஏரோவில் 0.31
டயரின் உருளல் எதிர்ப்பு எண்: 0.005

இழுவைப் பரப்பு என்பது வண்டியும் ஆளும் சேர்ந்து காற்றுக்குக் காட்டும் முகத்தின் அளவு. அதில் பெரும்பங்கு ஆளுடையது. ஃப்ரேமும் சக்கரமும் வடிவம் மாறினால் நூறில் மூன்று பங்குதான் அசைகிறது. காற்றின் அடர்த்தியில் நம் ஊருக்கு ஒரு சலுகை உண்டு. 15 டிகிரி வெப்பத்தில் கடல் மட்டக் காற்று கன மீட்டருக்கு 1.225 கிலோ, 32 டிகிரியில், ஈரப்பதமும் சேர்ந்தால், 1.15 அளவுக்கு இறங்கிவிடும். குளிர்நாட்டில் ஓட்டுபவரைவிட விழுப்புரத்தில் ஓட்டுபவருக்குக் காற்றின் எதிர்ப்பு 6 சதவீதம் குறைவு. அந்த லாபத்தை வெயில் வியர்வையாக வசூலித்துவிடும் என்பது தனிக் கணக்கு.

சமவெளியில்

மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் க்ளைம்பரை ஓட்ட எவ்வளவு சக்தி வேண்டும்? காற்றைத் தள்ள 106.5 வாட். டயர் உருள 32.9 வாட். மொத்தம் 139 வாட் (செயினில் போகும் சிறு இழப்பைச் சேர்க்கவில்லை). ஏரோவில் காற்றுக்கு 3.3 வாட் குறையும். கூடுதலான 800 கிராமைச் சுமக்க டயருக்கு 0.3 வாட் கூடும். நிகர மிச்சம் 3 வாட்.

அதே சக்தியைச் செலுத்தினால் திண்டிவனம்–விழுப்புரம் 40 கி.மீ.யில் ஏரோ எவ்வளவு முந்தும்?

மணிக்கு 25 கி.மீ.: தேவை 89 வாட், ஏரோ மிச்சப்படுத்துவது 1.7 வாட், முந்துவது 45 நொடி
மணிக்கு 30 கி.மீ.: தேவை 139 வாட், மிச்சம் 3.0 வாட், முந்துவது 41 நொடி
மணிக்கு 35 கி.மீ.: தேவை 207 வாட், மிச்சம் 4.9 வாட், முந்துவது 37 நொடி

இந்தப் பட்டியலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேகமாக ஓட்டுபவருக்கு வாட் அதிகம் மிச்சமாகிறது; மெதுவாக ஓட்டுபவருக்கு நொடி அதிகம் மிச்சமாகிறது. மெதுவாகப் போகிறவர் காற்றோடு மல்லுக்கட்டும் நேரம் நீளம் என்பதே காரணம். ‘ஏரோவெல்லாம் ரேஸ் ஓட்டுபவர்களுக்கு’ என்ற பேச்சு இங்கே அடிபடுகிறது. யார் ஓட்டினாலும் கி.மீ.க்கு ஏறக்குறைய ஒரு நொடி. ஒரு முக்கோணச் சுற்றுக்கு 2 நிமிடம். ஐந்தாண்டின் 30,000 கி.மீ.க்கு 8 மணி 20 நிமிடம்.

மலையில்

இனி 800 கிராமின் முறை. 200 வாட் சக்தியோடு, 100 மீட்டருக்கு 6 மீட்டர் உயரும் சாலையில், 1,000 மீட்டர் உயரம் ஏறக் க்ளைம்பருக்கு ஏறக்குறைய 75 நிமிடம் ஆகும். ஏரோவின் கூடுதல் எடை 39 நொடியைத் தின்னும். மணிக்கு 13 கி.மீ. வேகத்திலும் காற்று கொஞ்சம் உண்டு என்பதால் 6 நொடி திரும்பக் கிடைக்கும். நிகர நஷ்டம் 33 நொடி.

அந்த 1,000 மீட்டர் எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காட்டிலிருந்து பிரிந்தபோது கல்வராயன் மலை அதன் கையில் இருந்தது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் மலை அந்தப் பக்கம் போய்விட்டது. மிஞ்சியது செஞ்சிக் குன்றுகள். ராஜகிரியில் ஏறப் படிக்கட்டுதான் வழி, சைக்கிளைத் தோளில் சுமந்தால் உண்டு. மயிலம் முருகன் கோயில் குன்றுக்குச் சாலை இருக்கிறது. வியர்க்கத் தொடங்கும்போது கோபுரம் வந்துவிடும்.

உண்மையான மலைச்சாலைக்கு ஏற்காடு போகலாம். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள், ஏறத்தாழ 1,000 மீட்டர் ஏற்றம். ஆனால் விழுப்புரத்திலிருந்து சேலம் 170 கி.மீ. சைக்கிளிலேயே போனால் மலையடிவாரம் சேரும்போது ஏரோ 170 நொடி முன்னால் இருக்கும்; மேலே போய்ச் சேரும்போது அதில் 33 நொடியைத்தான் இழந்திருக்கும்.

முக்கோணச் சாலையில் ஐந்தாண்டில் ஏரோ சேர்க்கும் 30,000 நொடியைக் க்ளைம்பர் ஈடுகட்ட, அதே ஐந்தாண்டில் ஏற்காட்டை 909 முறை ஏற வேண்டும். இரண்டு நாளுக்கு ஒரு முறை.

எடைக்கு இத்தனை மவுசு வந்ததற்கு ஐரோப்பிய மலைப் பந்தயங்கள் காரணம். உலகச் சைக்கிள் சம்மேளனமான யு.சி.ஐ., 2000ஆம் ஆண்டிலிருந்து பந்தயச் சைக்கிளுக்கு 6.8 கிலோ என்ற கீழ் வரம்பை வைத்திருக்கிறது. அதற்குக் கீழே போக முடியாது என்றானதும் தயாரிப்பாளர்களின் கவனம் காற்றின் பக்கம் திரும்பியது. ஏரோ வண்டிகளும் எடை குறைந்துகொண்டே வந்தன. 2020இல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் டார்மாக் எஸ்.எல்.7 வந்ததோடு வெஞ்ச் என்ற ஏரோ வண்டியை நிறுத்தியது. 2024இல் ட்ரெக் நிறுவனம் எமோண்டா என்ற க்ளைம்பரை மடோனுக்குள் கரைத்துவிட்டது. இரண்டு வகைக்கும் இடையிலான வித்தியாசம் இரண்டு மாடல் வைத்து விற்கும் அளவுக்கு இல்லை என்று செய்தவர்களே ஒப்புக்கொண்ட கதை இது.

3 வாட்டின் அக்கம்பக்கம்

ஒரு தொகை பெரிதா சிறிதா என்பது அதன் பக்கத்தில் எதை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில்:

800 கிராம் எடை: 0.3 வாட்
750 மில்லி தண்ணீர் நிரம்பிய ஒரு பாட்டில்: 0.3 வாட்
ஏரோ வண்டி: 3 வாட்
உருளல் எதிர்ப்பு 0.005லிருந்து 0.004க்கு இறங்கும் நல்ல டயர்: 6.6 வாட்
பிரேக் லீவரிலிருந்து கையை இறக்கி ஹேண்டில்பாரின் கீழ்வளைவைப் பிடித்து, இழுவைப் பரப்பை 0.03 குறைத்தால்: 10 வாட்
இன்னொருவரின் பின்சக்கரத்தை ஒட்டிப் போய்க் காற்றை 30 சதவீதம் தவிர்த்தால்: 32 வாட்
மணிக்கு 10 கி.மீ. எதிர்காற்று: 83 வாட் கூடுதல்

சித்திரை வெயிலில் இரண்டு பாட்டில் இல்லாமல் யாரும் கிளம்ப மாட்டார்கள். வண்டி வாங்கும்போது கிராம் கணக்கில் பேரம் பேசியவர், வாசலைத் தாண்டும்போதே ஒன்றரைக் கிலோ தண்ணீரை ஃப்ரேமில் செருகிக்கொள்கிறார். க்ளைம்பரின் மொத்த லாபத்தைப் போல கிட்டத்தட்ட இரு மடங்கு அது.

பட்டியலின் கடைசி வரியான எதிர்காற்றுதான் இந்த வட்டாரத்தின் முதலாளி. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை வீசும் மேல்காற்று, திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிறவரின் முகத்தில் அடிக்கும். மதியத்துக்குமேல் உள்ளே வரும் கடல்காற்று, விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்கே போகிறவரை நிறுத்தும். முக்கோணத்தை எந்தத் திசையில், எத்தனை மணிக்குச் சுற்றுவது என்று யோசிப்பதற்குச் செலவு இல்லை. வண்டியை மாற்றுவதைவிடப் பல மடங்கு வரவு.

காற்று பக்கவாட்டில் வரும்போது கதை மாறும். ஏரோவின் சக்கர விளிம்பு பொதுவாக 50 மி.மீ. அல்லது அதற்கும் மேல் ஆழம். க்ளைம்பரில் 35 மி.மீ. அளவில் இருக்கும். மரக்காணம் பக்கம் உப்பளங்களை ஒட்டிக் கடற்கரைச் சாலையில் போகும்போதும், நான்குவழிச் சாலையில் ஆம்னி பஸ் உரசிக்கொண்டு போகும்போதும் ஆழ விளிம்பு முன்சக்கரத்தைத் தள்ளும். உடல் எடை 55 கிலோவுக்குள் இருப்பவர் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஏரோ ஃப்ரேமை எடுத்து முன்சக்கரத்தை மட்டும் ஆழம் குறைந்ததாகப் போட்டுக்கொள்பவர்கள் உண்டு.

பல் எண்ணிக்கை

விளம்பரத் தாளில் சிறிய எழுத்தில் இருக்கும், பின்சக்கரப் பல்சக்கர அடுக்கான கேசட்டின் எண்கள்தான் தினமும் காலுக்குத் தெரிபவை. 28 மி.மீ. டயர் போட்ட சக்கரம் ஒரு சுற்றுக்கு 2.136 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 முறை மிதித்தால்:

முன்னால் 34 பல், பின்னால் 34 பல்: மணிக்கு 11.5 கி.மீ.
முன் 50, பின் 19: 30.4 கி.மீ.
முன் 50, பின் 17: 33.9 கி.மீ.
முன் 50, பின் 15: 38.4 கி.மீ.
முன் 52, பின் 11: 54.5 கி.மீ.

முதல் வரி ஏற்காட்டுக்கு. கடைசி வரி இறக்கத்துக்கு. விழுப்புரம் சாலையின் வாழ்க்கை நடுவில் உள்ள மூன்று வரிகளில்தான். அங்கே 33.9க்கும் 38.4க்கும் இடையில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஷிமானோவின் 12 அடுக்கு 11–34 கேசட்டில் 15க்கு அடுத்தது 17. 16 பல் கிடையாது. மலைக்கான பெரிய பல்லுக்கு இடம்விட நடுவில் ஒன்றை எடுத்திருக்கிறார்கள். குழுவாக 36 கி.மீ. வேகத்தில் போகும்போது 15இல் கால் பாரமாகும், 17இல் கால் பறக்கும். 11–30 கேசட்டில் 16 உண்டு. அதில் வேகம் சரியாக 36. ஷிமானோவின் அல்டெக்ரா வரிசையில் 11–30 கிடைக்கிறது. 105 வரிசையின் சொந்தக் கேசட்டுகள் 11–34, 11–36 மட்டுமே. இரண்டு வண்டிகளில் ஒன்றில் 11–30 இருந்தால் சமவெளிக்காரருக்கு அது எடையைவிடப் பெரிய காரணம்.

டயர் இடைவெளியையும் அதே தாளில் பார்க்க வேண்டும். 25 மி.மீ. டயரோடு ஒப்பிட்டால் 28 மி.மீ. டயர் கொள்ளும் காற்று 25 சதவீதம் அதிகம், 32 மி.மீ. டயர் கொள்வது 64 சதவீதம் அதிகம். லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பித் துணுக்குகள் சாலையோரத்தில் கிடக்கும் நெடுஞ்சாலையிலும், ஊருக்குள் வேகத்தடைகள் வரிசையாக நிற்கும் சாலையிலும், 32 நுழையும் ஃப்ரேம் 28ஓடு நின்றுவிடும் ஃப்ரேமைவிட நாள்பட உழைக்கும்.

ரூபாய்க் கணக்கு

2023 மத்திய பட்ஜெட்டில் இறக்குமதிச் சைக்கிள்களுக்கான அடிப்படைச் சுங்க வரி 30 சதவீதத்திலிருந்து 35ஆக ஏறியது. 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கான ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5ஆக இறங்கியது. இன்று 3,50,000 ரூபாய்க்குக் கிடைக்கும் வண்டியில் ஜி.எஸ்.டி. 16,667 ரூபாய். பழைய வீதத்தில் அதே வண்டி 3,73,333 ரூபாய் ஆகியிருக்கும்.

வாங்கிய பிறகுதான் செலவு தொடங்குகிறது. உதிரி விலை கடைக்குக் கடை மாறும். கணக்குக்காக நடுவாந்தரமாக எடுத்தால், 30,000 கி.மீ.க்கு:

செயின், 4,000 கி.மீ.க்கு ஒன்று, 7 முறை, 3,500 வீதம்: 24,500
கேசட், 12,000 கி.மீ.க்கு ஒன்று, 2 முறை, 7,500 வீதம்: 15,000
டயர் ஜோடி, 5,000 கி.மீ.க்கு ஒன்று, 5 முறை, 12,000 வீதம்: 60,000
பிரேக் பேட், 5 முறை, முன்பின் சேர்த்து 3,000 வீதம்: 15,000
ஆண்டுச் சர்வீஸ், 6,000 வீதம்: 30,000
மொத்தம்: 1,44,500 ரூபாய்

ஐந்தாண்டு கழித்துப் பாதி விலைக்கு விற்றால் 1,75,000 திரும்பி வரும். 3,50,000உடன் 1,44,500ஐக் கூட்டி 1,75,000ஐக் கழித்தால் நிகரச் செலவு 3,19,500. கி.மீ.க்கு 10 ரூபாய் 65 காசு. லிட்டருக்கு 50 கி.மீ. தரும் மோட்டார் சைக்கிளுக்கு, லிட்டர் 100 ரூபாயைத் தாண்டிய பிறகும், கி.மீ.க்குப் பெட்ரோல் செலவு 2 ரூபாய் சொச்சம்தான். பணம் மிச்சம் பிடிக்க யாரும் இந்த வண்டியை வாங்குவதில்லை என்பதால், அந்த ஒப்பீட்டை அத்தோடு விடலாம்.

இதுவரை இரண்டு வண்டிக்கும் ஒரே கணக்கு. பிரிவது ஹேண்டில்பாரில். ஏரோ வண்டியில் ஹேண்டில்பாரும் அதை ஃப்ரேமோடு இணைக்கும் ஸ்டெம்மும் ஒரே வார்ப்பாக வருவது வழக்கம். பிரேக் குழாய்கள் அதற்குள் ஓடுகின்றன. ஸ்டெம் 110 மி.மீ. நீளத்தில் வந்து, உடம்புக்கு 90 மி.மீ.தான் பொருந்தும் என்றால் முழு வார்ப்பையும் மாற்ற வேண்டும். அதற்கு 30,000 ரூபாய் என்றும், க்ளைம்பரில் தனி ஸ்டெம் மாற்ற 5,000 என்றும் கொண்டால் வித்தியாசம் 25,000. ஏரோவின் செலவு கி.மீ.க்கு 11 ரூபாய் 65 காசாக ஏறும். கூடுதல் 25,000க்குக் கிடைப்பது ஐந்தாண்டில் 8 மணி 20 நிமிடம். மணிக்கு 3,000 ரூபாய் கொடுத்து நேரம் வாங்குவது போல.

மாற்றாமல் அப்படியே ஓட்டினால் என்ன? கை எட்டாதவர் கீழ்வளைவைப் பிடிக்க மாட்டார். பிடித்தாலும் பத்து நிமிடத்தில் முதுகு நிமிர்ந்துவிடும். கீழ்வளைவின் மதிப்பு 10 வாட் என்று மேலே பார்த்தோம். 3 வாட்டை வாங்கி 10 வாட்டை விற்ற வியாபாரம் அது.

சீட் உயரத்தில் இந்தச் சிக்கல் இல்லை. கிரெக் லெமாண்ட் பெயரால் வழங்கும் பழைய சூத்திரப்படி, தொடையிடுக்கிலிருந்து தரை வரையிலான உயரத்தை 0.883ஆல் பெருக்கினால் க்ராங்க் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பரப்பு வரையிலான உயரம் கிடைக்கும். 80 செ.மீ. என்றால் 70.6 செ.மீ. எந்த வண்டியிலும் அதை அமைத்துக்கொள்ளலாம். அமைத்துக்கொள்ள முடியாதவை ஃப்ரேமின் முன்பக்க உயரமும் எட்டும் நீளமும். தயாரிப்பாளர் ஸ்டேக், ரீச் என்று மி.மீ.யில் அச்சிடும் அந்த இரண்டு எண்களை இரண்டு வண்டிக்கும் எழுதி வைத்து, இப்போது ஓட்டும் சைக்கிளின் அளவோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நீண்ட தூரத்தில்

நீண்டதூர ப்ரெவே ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிடம், 300க்கு 20 மணி, 400க்கு 27 மணி, 600க்கு 40 மணி நேரக் கெடு. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை பிரான்ஸில் நடக்கும் பாரிஸ்–ப்ரெஸ்ட்–பாரிஸ் 1,200 கி.மீ.க்கு 90 மணி. 25 கி.மீ. வேகத்தில் 200 கி.மீ. ஓட்டுபவருக்கு ஏரோ 3 நிமிடம் 45 நொடி தரும். கூட்டேரிப்பட்டில் ஒரு டீ, ஒரு வாழைப்பழம் என்று இறங்கினால் பத்து நிமிடம் போய்விடும். இந்த ஓட்டங்களுக்கு வண்டி தேடுபவர் முதுகும் உள்ளங்கையும் 13 மணி நேரம் தாங்குமா என்று மட்டும் பார்த்தால் போதும்.

எதை வாங்குவது

திண்டிவனம், விழுப்புரம் சாலைகளில் ஓட்டுபவருக்கு வரிசை இது. முதலில் ஸ்டேக், ரீச், ஸ்டெம் நீளம். அடுத்து கேசட்டில் 16 பல். மூன்றாவது, 32 மி.மீ. டயருக்கு இடம். இந்த மூன்றிலும் இரண்டு வண்டியும் சமம் என்றால் ஏரோ. சமவெளியில் அந்த 3 வாட் சிறியதானாலும் நிஜமானது, ஒவ்வொரு கி.மீ.யிலும் கூடவே வருவது. எடை இந்தப் பட்டியலில் கடைசி.

ஏரோவின் ஹேண்டில்பார் 20 மி.மீ. பொருந்தவில்லை என்றால் யோசிக்காமல் க்ளைம்பர். வார்ப்பை மாற்ற ஆகியிருக்கும் கூடுதல் 25,000 ரூபாயில் இரண்டு ஜோடி நல்ல டயர் வரும். அவை 10,000 கி.மீ. ஓடும், தருவது 6.6 வாட்.